டிராயிங் மாஸ்டர் பதில்கள்: கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றவள்

போன இதழில் ஒரு வாசகர், "நீங்கள் படித்த காமிக்ஸில் மறக்க முடியாதது எது?" என்று கேட்டிருந்தார். "ஸ்பைடர்மேன். அது கேதம் நடந்த வீட்டுப் பையனின் கதை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சும்மா விடுவார்களா? சினிமாவில் பல்டி அடிக்கிறவருக்கும் கேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர், அதெப்படி ஒரு வரியில் முடிக்கலாம் என்று சிலர். ஆசிரியர் எல்லாக் கடிதங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு செல்லூருக்கு அனுப்பிவைத்துவிட்டார். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தப் பையன்தான். கோலப் போட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவன், மேலூர்: "பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும்" என்று அங்கிள் பென் சாகும்போது பீட்டரிடம் சொல்கிற காட்சி காமிக்ஸில் எந்த இதழில் இருக்கிறது சார்?

தம்பி, நீ தேடுகிற காட்சி முதல் கதையில் கிடையாது. அந்த முதல் கதை வந்தது 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழில். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. மொத்தம் 11 பக்கம். அந்தப் பத்திரிகையே அந்த இதழோடு நின்றுபோனது. மூடப்போகிற கடையில் எந்தச் சரக்கை வைத்தால் என்ன என்பது மாதிரி உள்ளே நுழைந்த கதை அது.

ஸ்பைடர்மேன் ஆகப்போகிற பீட்டர், கண்ணாடி போட்ட, பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடிக்கிறது. சக்தி வந்ததும் ஊரைக் காப்பாற்றவா கிளம்பினான்? மல்யுத்த மேடையில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர் என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் படுகிறது, அங்கே போகிறான். அப்புறம் டிவி நிகழ்ச்சி, பேர், புகழ். அங்கே ஒரு திருடன் அவனைத் தாண்டி ஓடுகிறான். பின்னால் மூச்சிரைக்க வந்த போலீஸ்காரர், ஒரு நிமிஷம் மறித்திருக்கக் கூடாதா என்று கோபப்பட, அது உங்கள் வேலை என்கிற மாதிரி தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறான். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் போலீஸ் வண்டி. அவனை வளர்த்த பென்னை யாரோ சுட்டுவிட்டார்கள். உயிர் போகும் நேரம், கடைசி வார்த்தை எதுவும் கதையில் இல்லை. பையன் வந்து சேரும்போதே எல்லாம் முடிந்திருக்கிறது. சுட்டவனை விரட்டிப் பிடித்து முகத்தைப் பார்த்தால் அதே திருடன்.

கடைசிக் கட்டத்தில் பையன் தனியாக இருட்டில் நடந்துபோகிறான். நீ சொன்ன பொறுப்பு வரி அந்த இடத்தில்தான் வருகிறது, ஆனால் அது கதை சொல்பவரின் வாசகம். படிக்கிற நமக்குச் சொல்கிறார். அதைப் பென் வாயில் கொண்டுபோய் வைத்ததெல்லாம் பிற்பாடு நடந்தது. முதல் கதையில் பையன் காதில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள். கீழே திருமங்கலத்து அம்மாவின் கேள்விக்கு வரும்போது எனக்கு இது வேண்டியிருக்கும்.

இன்னொன்று. 'அங்கிள்' என்று எழுதியிருக்கிறாய். சிலர் மாமா என்கிறார்கள். மதுரையில் மாமா என்றால் சீர்வரிசை வரைக்கும் யோசிப்பார்கள். பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன். அப்பா அம்மா இல்லாத பையனை எடுத்து வளர்த்த பெரியப்பா. மே பெரியம்மா. அப்படிச் சொல்லிப் பார், கதை நம் தெருவுக்கு வந்துவிடும்.

மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர், உசிலம்பட்டி: நாங்கள் லயன் காமிக்ஸில் படித்த ஸ்பைடர் கூர்க்காது வைத்த ஆசாமி, பக்கா திருடன். நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்களே?

வேறு ஆள்தான் ஐயா. உங்கள் ஸ்பைடர் பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆள். 1965-இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவர். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகவேண்டும் என்று கிளம்பி, அப்புறம் மனசு மாறி மற்ற வில்லன்களைப் பந்தாடியவர். கையில் வலைத் துப்பாக்கி, சவாரிக்கு ஹெலிகார். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். 1984-இல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கிய பிறகு தமிழ்ப் பையன்களுக்கு ஸ்பைடர் என்றால் அவர்தான். என் வகுப்பில் இதற்காக ஒரு அடிதடியே நடந்திருக்கிறது. ஸ்பைடர் நல்லவனா கெட்டவனா என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி.

பொறியியல் மாணவர், திண்டுக்கல்: 1962-இல் பள்ளிக்கூடப் பையனாக இருந்தவருக்கு இப்போது கிட்டத்தட்ட 80 வயது ஆகியிருக்க வேண்டுமே?

கணக்கு சரி. ஆரம்பத்தில் அந்தக் கணக்குப்படிதான் வளர்ந்தான். 1965-இல், 'அமேசிங் ஸ்பைடர்மேன்' என்ற அவனுடைய சொந்தப் பத்திரிகையின் 28-ஆம் இதழில் பள்ளிப் படிப்பை முடித்தான், அதே வருடக் கடைசியில் 31-ஆம் இதழில் கல்லூரி. மாத இதழ் கதாநாயகன் ஒருவன் படிக்கிற பையன்களோடு சேர்ந்து வயது ஏறியது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். கல்லூரிக்குப் போனதும் காலம் படுத்துக்கொண்டது. பட்டமளிப்பு நாள் வந்தது 1978-இல், 185-ஆம் இதழில். அன்றைக்கும் ஒரு உடற்கல்வி வகுப்பு பாக்கி என்று பட்டத்தைக் கொடுக்கவில்லை. சுவரில் ஏறுகிறவனுக்கு பி.டி. பீரியடில் பாக்கி! 13 வருடம் கல்லூரி. நீங்கள் அரியர் வைத்திருந்தால் வீட்டில் இதைக் காட்டலாம்.

2000-இல் 'அல்டிமேட்' என்ற பெயரில் இன்னொரு வரிசை தொடங்கி, பீட்டரைத் திரும்பவும் 15 வயதாக்கினார்கள். அந்தப் பீட்டர் பெரியவனாகவே இல்லை. 2011-இல், 160-ஆம் இதழில், தன் வீட்டுத் தெருவிலேயே சண்டையில் செத்துப்போனான். அவனுக்குப் பிறகு முகமூடி போட்டவன் மைல்ஸ் மொரேல்ஸ், இன்னும் சின்னப் பையன். தனக்கும் சக்தி இருந்ததே, ஒளித்துவைக்காமல் முன்னாடியே போயிருந்தால் பீட்டர் பிழைத்திருப்பானோ என்ற உறுத்தலோடுதான் அவன் வருகிறான். முகமூடியோடு சேர்ந்து அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்போல.

இயற்பியல் மாணவி, மதுரை: க்வென் ஸ்டேசியைக் கொன்றது யார், கிரீன் காப்ளினா, ஸ்பைடர்மேனா? விடுதியில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் சண்டை.

சண்டை போட வேண்டிய விஷயம்தான் பாப்பா. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். க்வென், பீட்டரின் காதலி. 1973 ஜூன், 121-ஆம் இதழ். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் கில் கேன். கதைத் தலைப்பை முதல் பக்கத்தில் போடாமல் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள். தலைப்பிலேயே க்வென் செத்த ராத்திரி என்று இருந்ததால் வேறு வழியில்லை. பீட்டரின் நண்பன் ஹாரியின் அப்பாதான் கிரீன் காப்ளின் என்ற வில்லன். அவன் க்வென்னைப் பாலத்தின் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். பிடித்த சந்தோஷத்தில் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு மேலே இழுக்கிறான். மேலே வந்தது உடல்தான். (வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கும். படத்தில் இருப்பது புரூக்ளின் பாலம். மாணவன் இப்படி வரைந்துகொண்டு வந்தால் பத்துக்கு ஆறுதான் போடுவேன்.)

அவள் கழுத்துக்குப் பக்கத்தில் குட்டியாக 'ஸ்னாப்' என்று ஒரு சத்தம் எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் விடுதிச் சண்டை முழுக்க இருக்கிறது. காப்ளின், விழும்போதே அவள் செத்துவிட்டாள் என்கிறான். பிற்பாடு 125-ஆம் இதழின் வாசகர் பக்கத்தில், வலை சட்டென்று இழுத்து நிறுத்திய வேகம்தான் காரணம் என்று ஆசிரியர் குழுவே ஒப்புக்கொண்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் காகாலியோஸ் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். உங்களுக்குத் தெரியாததா? கிணற்றில் வாளி சரசரவென்று இறங்கும்போது கயிற்றைச் சட்டென்று பிடித்தால் வாளியின் காது பிய்ந்துகொண்டு வரும். கயிறு கைக்குள் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும்.

ஆக, தள்ளியவன் காப்ளின், பிடித்ததில் போனது உயிர். பிடிக்காமல் விட்டிருந்தாலும் போயிருக்கும். இந்தக் கடைசி வாக்கியம் பீட்டருக்கு எந்த விதத்திலும் உதவாது என்பதுதான் அந்தக் கதையின் கொடுமை. 1975-இல் குளோனிங் என்று சொல்லி அதே முகத்தோடு ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பெரியம்மா மேயைக்கூட 1995-இல் 400-ஆவது இதழில் சாகடித்துவிட்டு, அப்புறம் செத்தது நடிகை என்று கதை விட்டார்கள். அழுதவனுக்கு டிக்கெட் காசையாவது திருப்பித் தர வேண்டாமா? பென்னையும் அந்த முதல் க்வென்னையும் மட்டும் பெரும்பாலும் தொந்தரவு பண்ணாமல் விட்டிருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம், ஒரு அம்மா, திருமங்கலம்: என் கணவர் போன ஆடியில் நாலு வழிச் சாலையில் பைக் விபத்தில் தவறிவிட்டார். மகன் பத்தாம் வகுப்பு. அதற்கு முதல் நாள் ராத்திரி செல்போன் தகராறில் அப்பாவோடு பேசாமல் படுத்துவிட்டான். இப்போது பள்ளிக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். பேச்சுதான் இல்லை. எந்நேரமும் ஸ்பைடர்மேன் புத்தகம், இல்லையென்றால் அதையே நோட்டில் வரைகிறான். சொந்தக்காரர்கள் "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை, பொறுப்பா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் புத்தகங்களை ஒளித்து வைத்துவிடலாமா?

ஒளித்து வைக்காதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் பதில் எழுதுகிறேன், இதை எழுதியதில்லை.

1979. நான் ஒன்பதாம் வகுப்பு. செல்லூரில் எங்களுக்கு ஒரே அறை, அதில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தறியைவிட்டு எழுந்துவந்து, "நெஞ்சக் கரிக்குதுடா, யானைக்கல்லுக்குப் போயி மாத்திரை வாங்கிட்டு வா" என்று காசைக் கொடுத்தார். என் கையில் இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ், ஒரு நாள் வாடகை 10 காசு, ராத்திரிக்குள் திருப்பித் தர வேண்டும். மாயாவி மின்சாரத்தில் கையை வைத்து மறையப்போகிற இடம். "இந்தா போறேன்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே போனார். கல்பாலத்தில் விழுந்துவிட்டார். யாரோ ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மறுநாள் தத்தனேரி சுடுகாடு.

கருமாதி முடிந்த பிறகு அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். 17 நாளுக்கு 1 ரூபாய் 70 காசு, எண்ணி எடுத்துக்கொண்டு போனேன். வாடகைப் புத்தகக் கடைக்காரர் காசை வாங்கவில்லை. "போடா, போயி அம்மாகூட இரு" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாங்கியிருந்தால் ஏதோ ஒரு கடனாவது தீர்ந்திருக்கும்.

கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "நீதாண்டா மூத்தவன், தங்கச்சிகளக் கரையேத்தணும், பொறுப்பா இரு." அவர்களுக்கு மாத்திரை விஷயம் எதுவும் தெரியாது. எனக்கோ எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தண்டனையாகத்தான் இதைச் சொல்கிறார்கள் என்று பட்டது. பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

மேலூர்த் தம்பிக்கு மேலே எழுதியது இதற்காகத்தான். அந்த முதல் கதையில் பொறுப்பு வரி பையன் காதில் விழாமல், அவன் நடந்துபோன பிறகு நமக்கு மட்டும் சொல்லப்படுகிறது. உங்கள் சொந்தக்காரர்கள் அதை அவன் காதிலேயே சொல்கிறார்கள். அவனுக்கும் அந்தச் செல்போன் தகராறு மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை யாராவது ஆரம்பித்தால், "காபி ஆறுது சித்தப்பா, வாங்க" என்று கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் ஏன் அதையே படிக்கிறான் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மற்ற சாகசக் கதைகளில் கெட்டது செய்கிறவன் வில்லன். இந்தக் கதையில் ஒவ்வொரு தடவையும் பையன் கையும் அதில் பட்டிருக்கும். பெரியப்பா விஷயம் தெரியும். பெரியம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல்போய் ரத்தம் கொடுப்பான். அந்த ரத்தத்தில் இருக்கிற கதிரியக்கமே பிற்பாடு அவளைச் சாகக் கிடத்தும். அவளுக்கான மருந்தை எடுக்கப் போய் ஒரு பெரிய இயந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்வான். இது 1966 பிப்ரவரி, 33-ஆம் இதழ். மருந்துக் குப்பி கண்ணுக்கு எதிரே கிடக்கும், கைக்கு எட்டாது. மேலேயிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். டிட்கோ இதை எப்படி வரைந்திருக்கிறார் தெரியுமா? முதலில் கட்டங்கள் சின்னச் சின்னதாக, பையன் நசுங்கிக் கிடக்கிற மாதிரி. அவன் முதுகு ஒரு அங்குலம் நிமிர்கிறது, கட்டமும் கொஞ்சம் பெரிதாகிறது. விட்டுவிடலாம் என்று நினைக்கிறான், பென் முகம் நினைவுக்கு வருகிறது, திரும்பவும் முக்குகிறான். பக்கம் பக்கமாக இப்படியே போய், கடைசியில் ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரே படம், இயந்திரத்தை உயர்த்திப் பிடித்தபடி நிற்பான். 30 வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன், கனம் என்பதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் மகன் நோட்டில் அந்தப் பக்கத்தை வரைந்திருக்கிறானா பாருங்கள். வரைந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எனக்குக் கிடைத்தது வேறு பக்கம். 1981 வாக்கில், டவுன்ஹால் ரோட்டில் ரீகல் டாக்கீஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில், அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் காமிக்ஸ். ஐம்பது காசோ என்னவோ. அது 122-ஆம் இதழ் என்பது ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. க்வென் செத்ததற்கு அடுத்த இதழ். என் இங்கிலீஷுக்குப் பாதி வசன பலூன் புரியவில்லை. கடைசிப் பக்கத்துக்கு இங்கிலீஷே தேவைப்படவில்லை. காப்ளினும் செத்துவிட்டான், பீட்டருக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை, அறைக்கு வருகிறான். மேரி ஜேன் இருக்கிறாள். சிரித்துப் பேசி ஊர் சுற்றுகிற பெண் என்றுதான் அதுவரை அவளைக் காட்டியிருப்பார்கள். பீட்டர் அவளைப் பார்த்துக் கத்துகிறான், உன் அம்மா செத்தால்கூட நீ வருத்தப்படமாட்டாய் என்கிற அளவுக்குப் பேசிவிடுகிறான். அவள் கண் கலங்கிக் கதவு வரைக்கும் போகிறாள். கதவைத் திறக்கிறாள். நிற்கிறாள். கதவைச் சாத்துகிறாள், உள்ளே நின்றபடி. தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் எழுதியிருக்கிறது. அதோடு கதை முடிந்துவிட்டது.

அந்த இடத்திலேயே, ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற நடைபாதையில், எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தாள். அப்பாவின் அக்கா, சோழவந்தான் அத்தை. பதினாறு முடிந்து எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகும் அவள் போகவில்லை. இரண்டு மாதம் இருந்தாள். எனக்கு ஒரு புத்திமதி சொன்னதில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். நான் ராத்திரி விழித்துக்கொண்டால் அவள் இருமல் சத்தம் கேட்கும். ஒருநாள் அவள்மீது எரிந்துவிழுந்தேன், ஊருக்குப் போக வேண்டியதுதானே என்று. "போறேன், போறேன், இந்தக் கண்டு முடியட்டும்" என்று நூலைக் காட்டினாள். அந்தக் கண்டு முடியவே இல்லை.

அதனால் அம்மா, நீங்கள் அவனோடு பேச வேண்டுமே என்று தவிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும், கையில் உங்களுக்கென்று ஒரு வேலையோடு. அவன் வரையும்போது நீங்கள் அரிசி புடையுங்கள், கணக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நத்தம் ரோட்டிலிருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் ஒரு மேஜை, நீங்கள் ஒரு மேஜை. வெளியே வந்து ஆளுக்கொரு ஜிகர்தண்டா. கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். அவன் எரிந்துவிழுந்தால் அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் அழுகை வரும். வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள். அவன் பார்க்கக் கூடாது என்று அடுப்படியில் போய் அழுதால், இந்த வீட்டில் இதைப் பேசக் கூடாது என்று அவன் எடுத்துக்கொள்வான். எங்கள் அம்மா அப்படித்தான் செய்தாள், பாவம்.

என்றைக்காவது அவனாக அந்த ராத்திரியைப் பற்றி ஆரம்பிப்பான். உடனே "உன் தப்பு இல்லடா" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். நான் என் மாத்திரைக் கதையை முதன்முதலில் சொன்னது கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, என் மனைவியிடம். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அது என்ன மாத்திரை?" என்று மட்டும் கேட்டாள். நெஞ்சு எரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை. நான் ஓடிப்போய் வாங்கி வந்திருந்தாலும் மாரடைப்புக்கு அது எதுவும் செய்திருக்காது. அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளை மிதித்தது அவர்தானே என்று இன்றைக்கும் கல்பாலத்தில் போகும்போது தோன்றும். ஆனால் பாலத்தில் போகிறேன். முன்பெல்லாம் சுற்றிக்கொண்டு ஏ.வி. பாலம் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்தாலோ, பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாலோ, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, எழுதினாலோ, இந்தக் கிழவன் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

அப்புறம், அவன் விருப்பப்பட்டால் அந்த நோட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே போட மாட்டேன். கோடு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்து அவனுக்கு எழுதுகிறேன்.

நான்காம் வகுப்பு மாணவி, வில்லாபுரம்: தாத்தா, ஸ்பைடர்மேன் மதுரைக்கு வந்தால் எதைப் பிடித்துத் தொங்குவார்? அவர் முகத்தை எனக்கு வரையத் தெரியவில்லை.

கஷ்டம்தான் கண்ணு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டக் கூடாது என்று விதி. மிச்சம் இருக்கிற உயரம் கோபுரங்கள்தான். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. ஆனால் அதில் வலையை ஒட்டினால் பட்டர் விடுவாரா? மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ்ஸில்தான் வர வேண்டும், நம்மைப்போல.

முகம் சுலபம். முதலில் ஒரு முட்டை போடு, கூர்ப்பக்கம் கீழே. நடுவில் லேசாக மேலிருந்து கீழே ஒரு கோடு. இரண்டு பக்கமும் பெரிய கண், மாவிலையைச் சாய்த்து வைத்த மாதிரி, ஓரம் மட்டும் தடிக் கறுப்பு, உள்ளே வெள்ளை. வாய், மூக்கு, காது எதுவும் வேண்டாம். இப்போது இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கோடு, சூரியனுக்குப் போடுவாயே அந்த மாதிரி. கடைசியாக அந்தக் கோடுகளுக்கு இடையில் குட்டிக் குட்டி வளைவு, கொடியில் ஈரத் துணி தொங்குகிற மாதிரி தொய்வாகப் போட வேண்டும். எல்லாரும் இங்கேதான் தப்பு பண்ணுவார்கள், விறைப்பாகப் போட்டால் கோழிக்கூண்டு கம்பி வலை ஆகிவிடும். வரைந்து அனுப்பு. பென்சில் போதும், ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறிவிடும்.